சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற ரயில்

சித்தப்பாவைப் பற்றிய அந்தப் பேச்சு, காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில் வைத்துத்தான் என் காதுக்கு வந்தது. எனக்குச் சொன்னவர் இங்கே குடியிருக்கும் நம் ஊர்ப் பக்கத்து அம்மா ஒருவர். அவருக்கு அவருடைய நாத்தனார் போனில் சொன்னதாம். நாத்தனாருக்கு வீட்டு வேலைக்கு வருகிற பெண் சொன்னதாம்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயத்தைத்தான் எல்லோரும் இப்படி ஆரம்பிக்கிறார்கள். "உங்க சித்தி உயிர் போற நேரத்துல, உங்க சித்தப்பா அடுப்படியில உக்காந்து பொம்மை ரயில் ஓட்டிக்கிட்டிருந்தாராமே. அவங்க அந்தப் பக்கம் துடிச்சுக்கிட்டுக் கெடக்க, இவரு இந்தப் பக்கம் கூ, கூன்னு. வயசானா சில பேருக்குப் புத்தி இப்படிப் போயிடும்னு சொல்றாங்க."

"அவருக்குக் காது கேக்காதுங்க" என்றேன்.

"கண்ணு தெரியும்ல" என்றார் அந்த அம்மா.

மெஷினுக்குள் என் துணி சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி இறந்த செய்தி எனக்கு முன்பே வந்திருந்தது. போக முடியவில்லை. இந்த நாட்டில் தங்குவதற்கான என் காகிதங்கள் ஓர் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தன. வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று சொல்ல ஆளில்லை. சித்தியின் மகளுக்கு, என் தங்கச்சிக்கு, போன் செய்து அழுததோடு சரி. தூக்கத்தில் போய்விட்டாள் என்றுதான் அவளும் சொல்லியிருந்தாள். ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் அந்த ரயில் எனக்குத் தெரியும். அது விளையாட்டுச் சாமான் இல்லை. அந்த வீட்டில் சித்திக்கு வாய் என்று இருந்தது அது ஒன்றுதான்.

சித்தப்பாவை எங்கள் தெருவில் 'ஜெனரேட்டர்' என்றுதான் சொல்வார்கள். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், இரண்டு டீசல் ஜெனரேட்டர்களோடு அவர் வேலைக்காலம் முழுக்கக் கழிந்தது. மேலே கரண்ட் போனால் கீழே அவர் கைப்பிடியைத் தள்ளுவார். மேலே இருக்கிறவர்களுக்கு ஃபேன் நின்றதே தெரியாது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பஞ்சு வைத்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் டீசல் வாடை. பேச ஆரம்பித்தால் கட்டடத்துக்கே கேட்கிற குரல். ஓய்வு பெறும்போது காது சுத்தமாகப் போயிருந்தது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். "இதை வச்சா உலகமே ஜெனரேட்டர் ரூம் மாதிரி இரையுது. அதுலேர்ந்து தப்பிச்சுத்தானே வந்தேன்" என்று மேஜை டிராயரில் போட்டுவிட்டார்.

சித்தி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பாள். கை தைக்கும், வாய் அதற்கு மேல் தைக்கும். "இந்த வீட்டுல நான் பேசுறது எதிர்வீட்டுக்குக் கேக்கும், மாடிவீட்டுக்குக் கேக்கும், இவருக்குத்தான் கேக்காது. சுவத்துக்கிட்ட சொன்னா அதாவது எதிரொலிக்கும்" என்பாள். சித்தப்பா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சுவரு ஒருநாளும் காய்கறி வாங்கிட்டு வராது" என்பார். எங்கள் யார் பேச்சையும் அவருக்கு எழுதித்தான் காட்ட வேண்டும். சித்தியின் உதட்டை மட்டும் படிப்பார். திரும்பி நின்று திட்டினால்கூடத் தோள் ஆடுவதை வைத்துத் தெரிந்துகொள்வார். அவர் படிக்கக் கற்ற உதடு அது ஒன்றுதான்.

அந்த உதடுதான் ஒரு காலையில் கோணிக்கொண்டது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. 'ம்' என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், "ஒருத்தருக்குக் காது இல்ல, ஒருத்தருக்கு வாய் இல்ல. இனிமே இவங்க வீட்டுல சண்டையே வராது" என்றாராம். யாரும் சிரிக்கவில்லை. சித்தி மட்டும் சிரித்தாள், பாதி வாயால்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சித்தப்பா முதலில் ஒரு பல்பு போட்டார். சித்தியின் இடது கைக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச். அடுப்படியில் சிவப்பு பல்பு. பல்பு எரியும், ஓடிப்போவார். போய் நின்று கேட்பார். தண்ணியா? இல்லை. திரும்பிப் படுக்கணுமா? இல்லை. ஃபேனைக் குறைக்கவா? வெளிக்குப் போகணுமா? சரியான கேள்விக்கு வந்து சேர்வதற்குள் சித்தி கண்ணை மூடிக்கொள்வாள். சில சமயம் படுக்கை நனைந்திருக்கும். அப்புறம் கேள்வியே தேவைப்படாது. பேனாவைக் கொடுத்தால் இடது கை கிறுக்கியது. எழுத்துப் பலகையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெயருக்குத் தலையணைக்கடியில் அந்த சுவிட்ச் இருந்தது. ஒருநாள் அதைப் பிடுங்கிக் கீழே எறிந்துவிட்டாள்.

ரயில் அந்த வாரம்தான் வந்தது. மாடிவீட்டுக்காரர்கள் வீடு காலி செய்தபோது, படிக்கட்டுக்கடியில் விட்டுப்போன அட்டைப்பெட்டிகளில் ஒன்றில் இருந்தது. ஒரு என்ஜின், திறந்த கூடை போட்ட இரண்டு வண்டி, கொஞ்சம் தண்டவாளம். மேலும் தண்டவாளம் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கினார். சித்தியின் கட்டிலையொட்டி ஆரம்பித்து, சுவரில் பலகை அடித்து, அறைவாசலைத் தாண்டி, நடைபாதை முழுக்கப் போய், அடுப்படிச் சுவரில் ஒரு ஓட்டை போட்டு உள்ளே கொண்டுவந்தார். ஓட்டை வழியாக வெளியே வரும் ரயில், அடுப்புக்கு எதிரே அவர் உட்காரும் முக்காலியின் கண்மட்டத்தில் வந்து நிற்கும்.

கட்டில் பக்கத்தில் ஒரு தட்டு. தட்டில் நான்கு சாமான். ஸ்பூன் வந்தால் பசி, தாகம். கைக்குட்டை வந்தால் துடைக்க, மாற்ற. மாத்திரை பாட்டிலின் மூடி வந்தால் வலி. சித்தியின் பொத்தான் டப்பாவிலிருந்து எடுத்த ஒரு பெரிய பழுப்புப் பொத்தான் வந்தால் ஒன்றும் வேண்டாம், சும்மா வந்து உட்கார். சாமானை வண்டியில் வைத்து சுவிட்சைத் தட்டினால் போதும்.

"தினமும் எது அதிகமா வருது சித்தப்பா?" என்று ஒரு காகிதத்தில் எழுதி வீடியோவில் காட்டினேன்.

"பொத்தான்தான். நான் போய் உக்காந்தா மூஞ்சியத் திருப்பிக்குவா. கூப்பிடுறதுல ஒரு கெத்து, அவ்வளவுதான்."

சிவப்பு பல்பைக் கழற்றிவிட்டார்.

ஆனால் ரயில் நின்று நின்று வந்தது. இது எனக்கு அவர் சொல்லிச் சொல்லியே மனப்பாடம். கரண்ட் ஒரு தண்டவாளத்தில் வந்து, சக்கரம் வழியாக ஏறி, மோட்டாரைச் சுற்றிவிட்டு, அந்தப் பக்கத்துச் சக்கரம் வழியாக மறு தண்டவாளத்தில் இறங்க வேண்டும். சக்கரம் தண்டவாளத்தைத் தொடுகிற இடம் ஊசிமுனை அளவு. அதில் ஒரு தூசி உட்கார்ந்தால் என்ஜின் செத்தது. அந்த என்ஜினில் பாதிச் சக்கரங்களுக்கு வழுக்காமலிருக்க ரப்பர் வளையம் மாட்டியிருந்தது. அவை கரண்டைத் தொடாது. பின்னால் வந்த வண்டிகளுக்கு பிளாஸ்டிக் சக்கரம், அவையும் தொடாது. அதனால் இரண்டு வண்டிக்கும் உலோகச் சக்கரம் மாட்டினார். பழைய ரிலே சுவிட்ச் ஒன்றைப் பிரித்து அதன் மெல்லிய செப்புத்தகடுகளை வெட்டி, ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கத்தையும் தடவிக்கொண்டிருக்கும்படி வைத்து, அங்கிருந்து என்ஜினுக்கு மயிரிழை மாதிரி ஒரு வயர் இழுத்தார். முன்சக்கரம் அழுக்கில் மாட்டினாலும் கடைசிச் சக்கரம் கரண்டை வாங்கிக்கொடுக்கும்.

அங்கேதான் சிக்கல். தகடு தொட்டால்தான் கரண்ட் வரும். தொட்டால் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். அழுத்தமாக வைத்தால் சக்கரம் உருளாமல் சறுக்கியது, என்ஜின் முக்கியது. லேசாக வைத்தால் சுற்றும்போது தகடு துள்ளியது, கரண்ட் விட்டுப்போனது. ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, வண்டியை உச்சியிலிருந்து விட்டு, எதுவரை உருள்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தகட்டை வளைப்பார். அச்சின் கூர்முனை உட்காரும் குழியைத் துடைத்து, மெத்தென்ற பென்சிலின் கரியைத் தேய்ப்பார். எண்ணெய் ஆகாது என்பது அவர் சட்டம். எண்ணெய் ஓரிடத்தில் இருக்காது, ஊர்ந்து சக்கரத்துக்கு வரும், சக்கரத்திலிருந்து தண்டவாளத்துக்குப் போகும், தூசியைச் சேர்த்துக் கருப்புப் பசையாகும், பசை கரண்டை விடாது. "பாக்க நல்லா ஓடும். அப்புறம் ஒரேயடியா நிக்கும்" என்பார்.

சும்மா தொட்டுக்கொண்டும் இருக்க வேண்டும், பிடித்து இழுக்கவும் கூடாது. இதைக் கேட்கும்போதெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை நான் செய்கிற போன்கால்கள் ஞாபகத்துக்கு வரும். ஆனால் சித்தப்பா உவமை சொல்கிற ஆள் இல்லை. அவர் சக்கரத்தைப் பற்றித்தான் பேசினார்.

எப்படியோ ரயில் ஓட ஆரம்பித்தது. கொஞ்சம் திக்கித் திக்கி, ஆனால் ஓடியது. அதை முழுக்க நம்பாமல் அவரே அடிக்கடி எழுந்து போய் சித்தியை எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

இதற்குப் பிறகு நடந்ததை எனக்குச் சொன்னது தங்கச்சி. துவைக்கும் கடையிலிருந்து ஈரத்துணியோடு வீட்டுக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டேன். ஊர் என்ன பேசுகிறது என்று சொன்னேன்.

"விளையாடலக்கா. அப்பா ஓட்டையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு."

"என்ன ஆச்சு, ஒழுங்கா சொல்லு."

"அதுக்கு முந்தின நாள் நான் போயிருந்தப்ப ரயில் கீச்சு, கீச்சுன்னு கத்திச்சு. ஆணிய வச்சுத் தகரத்துல கீறுன மாதிரி. ஒவ்வொரு தடவையும் அம்மா மூஞ்சி சுருங்குது. அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது. எத்தனை நாளா கத்துதோ. நான்தான் எழுதிக் காட்டினேன். அப்பா, இந்தச் சத்தத்துல அம்மா செத்தே போயிடுவான்னு எழுதினேன்க்கா."

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அவரு பதறிட்டாரு. பென்சில் கரி போட்டாரு. ஓட்டினாரு. அம்மாவைப் பாத்து, இன்னும் கத்துதான்னு கேட்டாரு. அம்மா ஆமான்னு தலையாட்டினா. மறுபடி போட்டாரு. ஆமான்னா. அப்புறம் அம்மாவோட தையல் மிஷின் எண்ணெய் எடுத்தாரு. ஊசிமுனையில தொட்டு வச்சாரு. கத்துதா? ஆமா. இன்னொரு சொட்டு. கத்துதா? ஆமா. சாயங்காலம் முழுக்க ரெண்டு பேரும் இதேதான். அவருக்குக் கேக்காது, எங்க நிறுத்தணும்னு அவருக்கு எப்படித் தெரியும்? கடைசியில அம்மா இல்லைன்னு தலையாட்டினா. சிரிச்சாக்கா. ரயில் வெண்ணெய் மாதிரி போச்சு. அப்பாவுக்குப் பெருமை தாங்கல. நான் நிம்மதியா என் வீட்டுக்கு வந்துட்டேன்."

மறுநாள் சித்தப்பா அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரயில் அவ்வளவு நன்றாக ஓடியதால், அன்றுதான் முதல் தடவையாக எழுந்து போய் எட்டிப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் வரும் என்று இருந்தார். ஓட்டையைப் பார்த்தபடியே நறுக்கினார். நறுக்கி முடித்தார், உலை வைத்தார், சோறு வடித்தார். இவ்வளவு நேரம் ஒரு பொத்தான்கூட வரவில்லையே, நன்றாகத் தூங்குகிறாள் போல என்று நினைத்துக்கொண்டாராம். தட்டில் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தவர் தண்டவாளப் பலகையைப் பார்த்தார். ஓட்டைக்கு ஒரு சாண் தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம், ரயில் நின்றுகொண்டிருந்தது. முதல் வண்டியில் பழுப்புப் பொத்தான்.

அவர் அப்போதே போயிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். எல்லா டாக்டரும் அதைத்தான் சொல்வார்கள்.

"சரி, அப்பா இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"என்கூட வாங்கப்பான்னா வரமாட்டேங்குறாரு. தண்டவாளம் பூரா ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, ஒவ்வொரு சக்கரமா கழட்டி எண்ணெய எடுத்து, மறுபடி ஓட்டிக்கிட்டிருக்காரு. யாருக்குப்பா இனிமேன்னு எழுதிக் கேட்டேன். நின்னுச்சுல்ல, இனிமே நிக்கக் கூடாதுங்குறாரு. நம்ம வீட்டுக்கும் வேலைக்கு வர்ற பொண்ணு அதைப் பாத்துட்டுத்தான் போய்ச் சொல்லியிருப்பா."

அவள் அழுதுவிட்டு, குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, அந்த மாத்திரை மூடி தட்டுல இல்ல. அம்மாவை எடுத்துக்கிட்டுப் போனதுக்கப்புறம் பெருக்குனேன். கட்டிலுக்கு அடியில, சுவரோரமா கெடந்துச்சு. எடுத்துத் தட்டுல வச்சுட்டேன். அப்பா அதைப் பாக்கல."

அந்த வாரக் கடைசியில் சித்தப்பாவே வீடியோவில் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. விரல் நுனிகளில் பென்சில் கரி. எடுத்த எடுப்பிலேயே ரயிலைப் பற்றித்தான் பேசினார்.

"புதுசா ஒண்ணு பண்ணியிருக்கேன். கைதட்டினா விளக்கு எரியுற பொம்மை இருக்கும் பாத்திருக்கியா, அதுல உள்ள சர்க்யூட் பலகைய எடுத்து சுவிட்ச்சோட சேத்துட்டேன். போனை இனிமே அவ கட்டில்கிட்டதான் வைப்பேன். நீ கூப்பிட்டா மணி அடிக்கும், மணிச் சத்தத்துக்கு ரயில் கிளம்பும், அடுப்படிக்கு வரும், நான் எழுந்து வந்து எடுப்பேன். உன் தங்கச்சி அடிச்சுப் பாத்தா, வந்துச்சு. நேத்து ரெண்டு தடவையும் நிக்காம வந்துச்சு."

"நல்லா இருக்கு சித்தப்பா" என்று எழுதிக் காட்டினேன்.

அவர் அதைப் படித்துவிட்டுக் கேமராவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். வந்தது பொத்தான். மூடி இல்ல. வலி இருந்தா மூடியைத்தான் அனுப்பியிருப்பா. அதானே? சும்மா வந்து உக்காருன்னுதான் கூப்பிட்டிருக்கா. உக்காராததுக்குத் திட்டிக்கிட்டே தூங்கிட்டா. அப்படித்தானே? ஆனா உன் தங்கச்சிய, அன்னைக்கு மூடி தட்டுலதான் இருந்துச்சான்னு கேட்டா, ஆமாங்குறா, மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறா. உன் சித்தி உதட்டைப் படிச்ச ஆளும்மா நான். மத்தவங்க உதடு தெரியாட்டியும் மூஞ்சி தெரியும். நீ அவகிட்ட கேட்டு எனக்குச் சொல்லு. உள்ளதைச் சொல்லு."

கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதினேன். என் கையெழுத்தே எனக்குப் பிடிக்கவில்லை.

தங்கச்சியிடம் பேசினேன். "சொல்லிடுங்க, சொல்லாதீங்க, எனக்குத் தெரியலக்கா. நான்தான் எண்ணெய் போட வச்சேன். இதையும் நானே சொல்ல முடியாது" என்றாள். சொன்னால் என்ன ஆகும் என்று பல நாள் உள்ளுக்குள் உருட்டிப் பார்த்தேன். மூடிக்குக் கை நீண்டிருக்கிறது. மூடி நழுவியிருக்கிறது. எட்டாத இடத்துக்கு உருண்டிருக்கிறது. கைக்குக் கிடைத்ததைப் போட்டு அனுப்பியிருக்கிறாள். எது வந்தாலும் அவர் வருவார் என்று அவளுக்குத் தெரியும். இல்லை, வேலைக்காரப் பெண்ணோ தங்கச்சியோ முந்தின நாளே தட்டிவிட்டு மூடி விழுந்திருக்கலாம். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் சித்தப்பா, ஒரு வண்டி ஏன் நின்றது என்று தெரியாமல் படுக்கப் போகிற ஆள் இல்லை. ஊரெல்லாம் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, தெரிந்த நாங்கள் இரண்டு பேர் மட்டும் அவரிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்போது அவருக்கு அங்கே மத்தியானம். சமைக்கிற நேரம். முக்காலியில்தான் இருப்பார். கட்டில் அடியில் மூடி கிடந்தது என்பதை ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

மணி போகிறது. அந்த அறையில் சத்தம் கேட்டிருக்கும், ரயில் கிளம்பியிருக்கும். அறைவாசலைத் தாண்டியிருக்கும். நடைபாதை நீளம், அதில் ஒரு வளைவு, அங்கே கொஞ்சம் மெதுவாகும். பிறகு நேர்வழி, பிறகு ஓட்டை. அவர் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நடந்து வர வேண்டும். அதற்கும் நேரம் ஆகும்.

மணி நின்றுவிட்டது. மறுபடி கூப்பிட்டேன்.

காகிதம் என் மடியில் இருக்கிறது. மணி போய்க்கொண்டிருக்கிறது.